குறைகள்: கண்டறியப்படவில்லை

கரமனை அக்கிரகாரத்தில் பஞ்சாபகேசன் ஒருவரைப் புகழ்ந்தார் என்று யாராவது வந்து சொன்னால், சொன்னவருக்குத்தான் ஜுரம் என்று நினைப்பார்கள். கல்யாணப் பந்தியில் பால்பாயசத்தை மூன்றாம் தரம் வாங்கிக் குடித்துவிட்டு, எதிரே கைகட்டி நிற்கும் சமையற்காரரை ஏறிட்டுப் பார்த்து, "குழப்பமில்லை" என்பார். கேரளத்தில் கால் வைக்காதவர்களுக்கு இது ஏதோ வசவு போலக் கேட்கலாம். திருவனந்தபுரத்தில் இதற்கு மேல் ஒரு படி கிடையாது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதுவும் பஞ்சாபகேசன் வாயிலிருந்து வந்தால், சமையற்காரர் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூலியை உயர்த்திக் கேட்பார், கொடுப்பார்கள்.

குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தனியார் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவர் தலைமைப் பரிசோதகர். தண்ணீர் விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. நல்ல தண்ணீரை நல்ல தண்ணீர் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஈயம்: கண்டறியப்படவில்லை. ஆர்செனிக்: கண்டறியப்படவில்லை. கோலிஃபார்ம் கிருமி: கண்டறியப்படவில்லை. மேலிருந்து கீழ்வரை இப்படி இல்லை, இல்லை என்றே வந்தால் அதுதான் அமிர்தம். காலமெல்லாம் அப்படிக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, மனிதர்களையும் அவர் அந்தக் கண்ணாலேயே பார்க்கப் பழகிவிட்டார்.

அந்தக் கூடத்தில் ஆர்யா என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். அப்பா ஆறுமுகநயினார், நாஞ்சில் நாட்டுக்காரர், கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கர். ஒருநாள் நேமத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, பாட்டிலின் மூடி சற்றுத் தளர்ந்திருந்ததை ஆர்யா பார்த்தாள். அவளைத் தவிர வேறு ஈ காக்கை அதைப் பார்க்கவில்லை. இருந்தும் பாதி வழியில் இறங்கி, கொட்டுகிற மழையில் திரும்பிப் போய், வேறு பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்தாள். ஈரத் தலையோடு வந்து நின்றவளைப் பஞ்சாபகேசன் மேலும் கீழும் பார்த்தார். "குழப்பமில்லை" என்றார். கூடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த ஆர்யாவுக்கு நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீரியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. இடம் கிடைத்ததே தவிர, போய்ச் சேர வழியில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களை நம்பி எந்த வங்கியும் கடன் கொடுக்காது. மிச்சமிருந்தது வழுதக்காட்டில் உள்ள 'திரைகடல் உயர்கல்வி நிதியம்' ஒன்றுதான். முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு முறைதான் விண்ணப்பிக்க அனுமதி.

"சாரே, ஒரு பரிந்துரை வேணும். எனக்க வேலைய அறிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு" என்றார் பஞ்சாபகேசன்.

நிதியத்தின் இணையப் பக்கம், 'நீங்கள் வாழ்நாளில் கண்ட மனிதர்களுள் இவரை எந்த இடத்தில் வைப்பீர்கள்?' என்று கேட்டது. முதல் ஒரு சதவீதத்தில், முதல் ஐந்து சதவீதத்தில் என்று கட்டங்கள் இறங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் அடியில் 'நன்று' என்று ஒரு கட்டம். பஞ்சாபகேசன் யோசித்தார். ஒரு சதவீதம் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது நூறு பேரையாவது சோதித்திருக்க வேண்டாமா? கூடத்தில் இதுவரை வேலை பார்த்தவர்களே ஒரு வேனில் அடங்குவார்கள். மாதிரி போதாது. மனசாட்சிப்படி 'நன்று' என்பதில் டிக் அடித்தார். 'விரிவாக எழுதவும், ஆயிரம் சொற்களுக்கு மிகாமல்' என்று இருந்த இடத்தில், தம் வாழ்நாளில் எந்த மனிதருக்கும் எழுதாத ஒரு வாக்கியத்தை எழுதினார். 'குறைகள்: கண்டறியப்படவில்லை.'

அனுப்பிய பிறகு, கொஞ்சம் அதிகப்படியாகப் போய்விட்டோமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. பெண்ணுக்குத் திருஷ்டி பட்டுவிடப் போகிறதே என்று கரமனை ஆற்றங்கரைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மாதம் ஒன்று போனது. ஆர்யாவுக்கு இல்லையென்று பதில் வந்தது. அன்றே பஞ்சாபகேசனுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் தங்கநிறக் கரை போட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ் இருந்தது. 'ஆர்யா அவர்களின் விண்ணப்பத்தை விரைந்து நிராகரிப்பதற்குத் தங்கள் பரிந்துரை பேருதவியாக இருந்தது. தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நிதியம் தலைவணங்குகிறது.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

மறுநாள் ஆர்யா ஒரு டப்பாவில் உண்ணியப்பம் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். கண் சிவந்திருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது.

"எனக்க கட்டுரை சரியில்ல போல சாரே. நீங்க இவ்வளவு மெனக்கெட்டு எழுதித் தந்தும் நான் களஞ்ஞுட்டேன். அம்மை ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னா."

பஞ்சாபகேசன் ஒரு உண்ணியப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கெடுத்தது நீயில்லை அம்மா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்மை இத்தனை மரியாதையோடு பார்க்கிற முகத்தை அந்த நிமிஷம் இழக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கோழைத்தனமும் சேர்ந்துகொள்ள, அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு வழுதக்காட்டுக்குப் பஸ் ஏறினார்.

நிதியத்தின் அலுவலகத்தில் ஏசி நன்றாக வேலை செய்தது. ஒருங்கிணைப்பாளர் ஸ்மிதா, பஞ்சாபகேசன் சொன்னதை முழுதும் கேட்டாள். ரொம்பத் தன்மையான பெண்.

"அதாயது, சார் எழுதினது தப்பாயிப்போச்சு. அத திருத்தணும். அத்தறைதானே? குழப்பமில்ல. திருத்த மனு குடுக்கலாம். பக்ஷே, சார் நம்பத் தகுந்த ஆளுன்னு ரெண்டு பேர் பரிந்துரை எழுதணும்."

"என்னோட பரிந்துரைக்கு இன்னொரு பரிந்துரையா?"

"ஆமா சார். அவங்க ரெண்டு பேருக்கும் தலா ஒரு ஆள் எழுதினா மதி, போதும். அதுக்கு மேல நாங்க ஆரையும் புத்திமுட்டி சிரமப்படுத்தறதில்ல."

பஞ்சாபகேசன் அக்கிரகாரத்தில் ஆள் பிடித்தார். அடுத்த வீட்டு ஸ்ரீனிவாசனும், பஜனை மடத்துக் காரியதரிசி வெங்கடகிருஷ்ணனும் எழுதினார்கள். இத்தனை காலம் அவரிடம் 'குழப்பமில்லை' கூட வாங்காத ஸ்ரீனிவாசன், பழிவாங்குகிற மாதிரி இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்து தள்ளினார். அதைப் படித்தபோது யாரோ செத்துப்போனவரைப் பற்றிப் படிப்பதுபோல பஞ்சாபகேசனுக்கு இருந்தது.

அதோடு விடவில்லை. திருத்த மனு போடுகிறவர் எவரும் 'பரிந்துரையாளர் புத்தாக்கப் பயிற்சி'யில் கலந்துகொண்டாக வேண்டும் என்றார்கள். தம்பானூரில் ஒரு ஹோட்டலின் அரங்கில் நடந்தது. வாசலில் சந்தனம், பன்னீர், கழுத்தில் மாட்ட அட்டை. நிதியத்தின் இயக்குநர் ஆனந்தகிருஷ்ணன் குத்துவிளக்கேற்றிவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, எங்கள் நிதியத்தில் பாரபட்சத்துக்கு இடமே கிடையாது. ஏனென்றால் நாங்கள் விண்ணப்பங்களைப் படிப்பதில்லை. படித்தால் அபிப்பிராயம் வந்துவிடும். அபிப்பிராயம் வந்துவிட்டால் நீதி போய்விடும். ஆகவே பரிந்துரைக் கடிதத்தில் எத்தனை புகழ்ச்சொல் இருக்கிறது என்று கணினி எண்ணிச் சொல்கிறது. சென்ற ஆண்டு விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே உலகின் முதல் ஒரு சதவீதத்தைச் சேர்ந்தவர்கள். உலகத்தின் முதல் ஒரு சதவீதம் மொத்தமும் இந்தச் சின்ன ஊரில் வசிக்கிறது என்பது நமக்கெல்லாம் பெருமை அல்லவா?"

கைத்தட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார்.

"சிலர் கேட்கிறார்கள், கடிதமே பொய் என்றால் என்ன செய்வீர்கள் என்று. பொய் சொல்வதற்கும் உழைப்பு வேண்டும் ஐயா! ஒரு மாணவருக்காக ஒருவர் எவ்வளவு தூரம் பொய் சொல்லத் தயாராக இருக்கிறார் என்பதுதான் எங்களுக்கு வேண்டிய தகவல். உண்மையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்."

பிறகு பயிற்சி ஆரம்பமாயிற்று. மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஒவ்வொருவராக வந்து அதைப் புகழ வேண்டும். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், அந்த நாற்காலியின் தலைமைப் பண்பைத் தாம் முதல் நாளிலேயே உணர்ந்ததாகச் சொன்னார். ஒரு மருத்துவமனையின் நிர்வாகி, ஏழை பணக்காரர் என்று பாராமல் எல்லோரையும் தாங்கும் அதன் சமூக உணர்வைச் சொல்லித் தொண்டை கம்மினார். பஞ்சாபகேசன் முறை வந்தது. அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கையால் ஆட்டிப் பார்த்தார்.

"நாலு காலும் தரையில இருக்கு. ஆடலை" என்றார்.

ஆனந்தகிருஷ்ணன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "சார், இந்த நாற்காலி ஒருநாளும் வெளிநாடு போகாது. உங்களால்தான் போகாது. இதை நினைத்துப் பாருங்கள்."

பஞ்சாபகேசன் நினைத்துப் பார்த்தார். ஆர்யாவின் சிவந்த கண்தான் ஞாபகம் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "இந்த நாற்காலி... மத்த நாற்காலி மாதிரி இல்லை. பொறுமைக்கே ஒரு... ஒரு புது இலக்கணம்..." என்றார். காது மடல் சிவந்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கூச்சத்தில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

தினமும் வீட்டில் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். அன்று சாப்பாட்டில் உட்கார்ந்ததும், "சீதா, இன்னிக்கு உன் சாம்பார் ஒரு மாபெரும் மாற்றத்துக்கு வித்திட்டிருக்கு" என்றார்.

சீதாலக்ஷ்மி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "எந்தா ஆச்சு உங்களுக்கு? ஆபீஸ்ல ஏதானும் பிரச்னையா? டாக்டர் ஏதானும் சொன்னாரா? என்கிட்ட மறைக்காதேங்கோ."

அவர் விஷயத்தைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம். கல்யாணமான புதுசுல ஒருநாள் அவியல் சாப்ட்டுட்டு 'குழப்பமில்லை'ன்னேள். எனக்கு அதுவே போரும். நான் இப்பவும் அதை வச்சுண்டுதான் சமைக்கறேன். ஆனா அந்தப் பொண்ணுக்கு நீங்க செய்யவேண்டியதைச் செஞ்சுதான் ஆகணும்."

கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது.

திருத்த மனு மீதான விசாரணை நாளன்று நீளமான மேஜைக்கு அப்பால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆனந்தகிருஷ்ணன். பஞ்சாபகேசன் பயிற்சியையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் உண்மையைச் சொல்லிப் பார்ப்போமே என்று நினைத்தார். மூடி தளர்ந்த பாட்டிலைப் பற்றிச் சொன்னார். யாரும் பார்க்காதபோதும் மழையில் திரும்பிப் போனதைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலே கொஞ்சம் இளகிவிட்டது. ஓர் உறுப்பினர் கொட்டாவி விட்டார். ஓரத்தில் இருந்த ஸ்மிதா கணினியைப் பார்த்துவிட்டு, "சார், இதுவரைக்கும் பூஜ்யம். இதுல புகழ்ச்சொல்லே வரல்ல" என்றாள்.

"ஒரு பாட்டிலை மாற்றியது ஒரு சாதனையா? முதல் தடவையே மூடியைச் சரியாக மூடவில்லை என்றல்லவா ஆகிறது?" என்றார் ஆனந்தகிருஷ்ணன்.

பஞ்சாபகேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்துகொண்டதோ என்னவோ, மடை உடைந்த மாதிரி கொட்ட ஆரம்பித்தார். ஆர்யா தண்ணீரைப் பார்த்தாலே அது தெளிந்துவிடும் என்றார். தாம் கண்ட மனிதர்களின் முதல் ஒரு சதவீதத்துக்குள் முதல் ஒரு சதவீதம் என்றார். வருங்காலத்தில் இந்தப் பூமி தாகமாக இருக்குமா இருக்காதா என்பது இந்த மேஜையில் இன்று எடுக்கும் முடிவைப் பொறுத்தது என்றார். இணையற்ற, ஈடில்லாத, எழுச்சிமிக்க, ஒளிமயமான என்று அகராதியைப் பிடித்து உலுக்கினார். ஸ்மிதாவின் கணினி மணியடித்தது. ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். ஆனந்தகிருஷ்ணன் மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். அங்கேயே பொன்னாடை போர்த்தினார்கள்.

தாம் சொன்னதில் ஒரு வார்த்தைகூட ஆர்யாவைப் பற்றியதில்லை என்று பஞ்சாபகேசனுக்குத் தெரியும். ஆனாலும் ஆர்யாவின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

செய்தி கேட்டு ஆர்யா அழுதாள், சிரித்தாள், கூடத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். "சாரே, ஒங்களாலதான்" என்று அவர் காலைத் தொட்டாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டதென்று அவரும் நினைத்தார். அன்று மத்தியானம் இரண்டு முறை மோர் வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் ஸ்மிதா ஃபோன் செய்தாள்.

"சார், ஒரு சின்ன காரியம் பாக்கி உண்டு. நம்ம இடங்கள் முன்னமே நிறஞ்சதாக்கும். ஒருத்தர உள்ள எடுத்தா ஒருத்தர வெளிய விடணும். பட்டியல்ல கடைசி ஆளு, வினீத்துன்னு ஒரு பையன், பொன்முடி எஸ்டேட் தொழிலாளிங்க லயத்துப் பையன். அவன மாத்தியாச்சு."

"மாத்தியாச்சுன்னா?"

"அவனுக்கு இனி அவசரம் இல்ல சார். அவனோட பரிந்துரை ரொம்ப மோசம், ஒற்ற வரி, ஒரே ஒரு புகழ்ச்சொல்லுதான். அவன் டெம்பரவரியா வேலை பார்க்கற ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதினது. எங்க நடைமுறை என்னான்னா, யாரால இடம் போச்சோ அந்தப் பரிந்துரையாளரே மத்த பரிந்துரையாளரக் கூப்பிட்டு விவரம் சொல்லணும். மனுஷ ஸ்பரிசம் வேணும்ன்னு டைரக்டர் சாரோட நிர்பந்தம். நாங்க சொன்னா எங்க மனசு சங்கடப்படும் இல்லியா? பேச வேண்டியத மெயில்ல அனுப்பியிருக்கேன். அப்படியே வாசிச்சா மதி."

பஞ்சாபகேசன் ஃபோனை வைத்தார். தம் கூடத்துப் பெண் ஒருத்தியைக் கரையேற்ற, முகம் தெரியாத ஒரு பையனைத் தண்ணீரில் தள்ளியிருக்கிறோம். முதல் தடவை செய்தது அறியாமல் செய்த தப்பு. இது பொன்னாடை போர்த்திக்கொண்டு செய்தது. போய் ஆனந்தகிருஷ்ணனிடம் சண்டை போடலாமா என்று யோசித்தார். போட்டால் திரும்ப வெளியே போவது ஆர்யாதான். அந்த லட்டு டப்பா அவர் மேஜை மேலேயே இருந்தது.

கடைசியில் மெயிலில் இருந்த தலைமையாசிரியையின் எண்ணைப் போட்டார். மறுமுனையில் மழைச் சத்தமும், பிள்ளைகள் கூச்சலும் கேட்டன.

"செல்லபாய் டீச்சர்தானே? நான் திருவனந்தபுரத்துலேருந்து பேசறேன். திரைகடல் நிதியம் விஷயமா."

"ஓ, சொல்லுங்க சாரே! எங்க வினீத்துக்குக் கிட்டியாச்சு, அப்பிடித்தானே? போன மாசமே தாளு வந்துது. லயத்துல எல்லாரும் பாயசம் வச்சாவ. இப்போ அவன் பாஸ்போர்ட்டு காரியமாத்தான் கீழ போயிருக்கான்."

பஞ்சாபகேசன் கையில் ஸ்மிதா அனுப்பிய வசனம் இருந்தது. 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று அது ஆரம்பித்தது. அவரால் வாசிக்க முடியவில்லை. எதையாவது கேட்டுக் கொஞ்ச நேரம் தள்ளிப் போட்டால் தேவலை என்றிருந்தது. பையன் ஒன்றும் பிரமாதமில்லை என்று அந்த அம்மாள் வாயால் வந்துவிட்டால் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அந்தப் பையன் எப்படி?"

செல்லபாய் டீச்சர் பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டினார். பிறகு, சொல்லலாமா கூடாதா என்று தயங்குகிறவர் போல, யாருடைய கண்ணும் பட்டுவிடக் கூடாதே என்கிற மாதிரி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வினீத்தா? குழப்பமில்ல சாரே."

அந்தச் சொல்லின் எடை என்ன என்று இந்த ஊரில் பஞ்சாபகேசனைவிட யாருக்குத் தெரியும்? அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஹலோ? சாரே, லைன்ல உண்டா? எப்போ போகணும்னு சொன்னாவளா?"

பஞ்சாபகேசன் வாயைத் திறந்தார். தம்பானூரில் கற்றுக்கொண்ட அத்தனை சொற்களில் ஒன்றுகூட வரவில்லை.